கால் அங்குல முனை

சிலுவைமுத்து செய்த மடக்குக் கத்தி ராயபுரத்தில் யாரிடமும் கிடையாது. செய்தவர் ராயபுரத்துக்காரர், செய்த இடம் ராயபுரம், கத்தி மட்டும் கப்பல் கேப்டன்களின் சட்டைப் பையிலும் நீலகிரித் தோட்டத் துரைமார்களின் மேசையிலும் கிடந்தது. வருஷத்துக்கு எட்டு, மிஞ்சிப்போனால் ஒன்பது. பகலெல்லாம் துறைமுகத்தில் ஃபிட்டர் வேலை. சாயங்காலம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுப் பின்கட்டில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்கு முன்னால் குந்திவிட்டால், மனைவி எல்சி மூன்று தரம் கூப்பிட்டால்தான் சோற்றுக்கு எழுந்து வருவார். அப்படி என்ன பெரிய கத்தி என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. ஒன்றை எடுத்து எதிரில் வைப்பார். கையில் கொடுக்க மாட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்ற பயம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு, கத்தி செய்கிறவருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. எதிராளி தானே எடுத்து, அலகில் இருக்கும் நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்துத் திறக்கவேண்டும். டக்கென்று ஒரு சத்தம் வரும். கேள்வி கேட்டவன் அதோடு வாயை மூடிக்கொள்வான்.

இந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கப்பல் அதிகாரிகள் ரிப்பேருக்குக் கொடுத்த இங்கிலாந்து ஷெஃபீல்டு கத்திகளைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் பாதியைக் கெடுத்து, வேண்டிய மட்டும் திட்டு வாங்கித் தானாகத் தெரிந்துகொண்டது. கத்திகளோடு கதைகளும் வந்தன. பிரெஞ்சுக் கப்பல் எஞ்சினியர் ஒருவன் காட்டிய கத்தியின் பிடியில் பித்தளை ஆணிகளால் சின்னதாக ஒரு சிலுவை பதித்திருந்தது. மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் கோவிலுக்குப் போக முடியாத நாட்களில் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி, அந்தச் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டு ஜெபம் சொல்வார்களாம். மெய்யோ பொய்யோ, அன்றிலிருந்து சிலுவைமுத்துவும் தன் கத்திப் பிடிகளில் ஆறு பித்தளைப் புள்ளிகளால் சிலுவை வைக்க ஆரம்பித்தார்.

அவருக்கு அதைவிடப் பிடித்த கதை ஒன்று உண்டு. பாய்மரக் கப்பல் காலத்தில், ஆள் ஏறும்போதே கேப்டன் ஒவ்வொரு மாலுமியின் கத்தியையும் வாங்கி, முனையை ஒடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பானாம். கயிறு அறுக்க விளிம்பு போதும். முனை எதற்கு? இன்னொருத்தன் வயிற்றுக்குத்தான். கடைசியில் கத்தி செய்கிறவர்களே கப்பல்காரனுக்கென்று முனை இல்லாமல் மொண்ணை மூக்காகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். "நானும் மொண்ண மூக்குதான் பண்ணுவேன். முனை வோணும்னா வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டு சிலுவைமுத்து வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் மீறியது ஒரே ஒரு தரம். மச்சினன் ஹென்றிக்காக.

ஹென்றி எல்சியின் தம்பி. நாலு வயதில் அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, அக்காள் இடுப்பில் ஏறி இந்த வீட்டுக்கு வந்தவன். எல்சிக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை, அவள் தேடவுமில்லை. பையன் வளர்ந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். கப்பலிலிருந்து டிரான்சிஸ்டரும் கைக்கடிகாரமும் சத்தமில்லாமல் இறக்கி பர்மா பஜாருக்கு அனுப்புகிற பக்க வேலையும் இருந்தது. தெருவுக்கே தெரிந்த அந்தச் சங்கதி அவன் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று முடிவுசெய்து வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு என்னடா வேண்டும் என்று சிலுவைமுத்து கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை.

"உன் கத்தி ஒண்ணு குடு மாமா. மொண்ண மூக்கு வேணாம். கத்தின்னா கத்தி மாரி இருக்கணும்."

முடியாது என்றார். எல்சி ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: எல்சியின் மூஞ்சிக்காக மட்டும் மனிதர் மசியவில்லை. ஊசி மாதிரி ஒரு முனையைச் செய்து பார்க்கவேண்டும் என்ற நமைச்சல் அவருக்கே வெகுநாளாக இருந்தது. வழக்கம் போல முதலில் தகரத்தில் அச்சு வெட்டினார். ஒவ்வொரு கத்திக்கும் அப்படி ஒரு தகரம் உண்டு. அதை வைத்துத்தான் எஃகில் கோடு கீறுவார். கத்தி கடல் தாண்டிப் போனாலும் தகரம் பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். பேர் எதுவும் எழுதுவதில்லை. எது யாருடையது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே துருப்பிடித்த தகரம். ஹென்றியின் கத்திக்குப் பழைய பேரிங் எஃகு, புள்ளிமான் கொம்புப் பிடி, ஆறு புள்ளிச் சிலுவை. முனைக்கு அருகே முதுகுப் பக்கத்தையும் இரண்டு புறமும் சரிவாக அராவி மெல்லிசாக்கியிருந்தார். அந்த மாதிரிச் சரிவை அவர் வேறு எந்தக் கத்திக்கும் வைத்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஹென்றி அந்தக் கத்தியைக் கொண்டுவந்து வைஸ் பலகையில் வைத்தான்.

"முனை பூட்ச்சு மாமா. பெயிண்ட் டின்னு தொறக்க சொல்ல ஒடஞ்சிகிச்சு."

"டின்னு தொறக்க உனுக்கு இந்தக் கத்திதான் கெடச்சுதா? கஸ்மாலம்! இதுக்கு எம்மா நாளு முதுகு ஒடிஞ்சேன் தெர்யுமா?"

ஹென்றி எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவன், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். சிலுவைமுத்து அவன் முகத்தைப் பார்த்திருந்தால் வேறு ஏதாவது கேட்டிருப்பார். அவர் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணிகளைத் தட்டி எடுத்துக் கத்தியைப் பிரித்தபோது ஸ்பிரிங்குக்கு அடியில் பழுப்பாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். மீன் வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு மண்ணெண்ணெயில் கழுவினார். தெரியாமல்தான் நினைத்தாரா, தெரிய வேண்டாம் என்று நினைத்தாரா என்பதைப் பிற்பாடு அவர் தன்னையே பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சாயங்காலம் கேட்கவில்லை. முதுகை அராவி இறக்கிப் புது முனை கொண்டுவந்தார். அலகு கால் அங்குலம் குட்டையாகிவிட்டது. மடக்கிப் பார்த்தால் பிடியின் நுனியில் கால் அங்குலம் வெறுமையாக நின்றது, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். சிலுவைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே மான் கொம்பையும் கால் அங்குலம் குறைத்தார். குறைத்ததும் சிலுவை நடுவில் இல்லாமல் போயிற்று. ஆறு புள்ளியையும் பிடுங்கி, ஓட்டையைக் கொம்புத் தூளும் பிசினும் வைத்து அடைத்து, தள்ளிப் பதித்தார். ஐந்து சாயங்காலம் போயிற்று. முடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எங்கே ஒடிந்தது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு எல்சி ஒரு தரம் கூப்பிட்டதும் சோற்றுக்கு எழுந்து போனார். பிற்பாடு அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவர் வெட்கப்பட்டிருக்கிறார்.

கத்தியைக் கேட்டு ஹென்றி வரவேயில்லை.

இதற்கிடையில் காசிமேட்டில் கருணாகரனின் பிணம் கிடைத்து ஊர் முழுக்க அதுவே பேச்சாகியிருந்தது. விசைப்படகு முதலாளி ஒருவரிடம் கையாளாக இருந்தவன் கருணாகரன். ஹென்றி சிலுவைமுத்துவிடம் கத்தியைக் கொண்டுவந்த நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் ஏலக் கரைக்குப் பின்னால் எவனோ அவனை நெஞ்சில் குத்திப்போட்டுவிட்டுப் போயிருந்தான். போலீஸ் மூன்றாம் நாளே ஆளைப் பிடித்துவிட்டது. ஏலக் கரையில் பனிக்கட்டி சுமக்கிற எத்திராஜ். பனிக்கட்டி யாருக்கு முதலில் என்று முந்தின நாள்தான் கருணாகரனோடு கட்டிப் புரண்டிருந்தான். உன்னைக் குத்தாமல் விடமாட்டேன் என்று நூறு பேர் காது கேட்கக் கத்தியுமிருந்தான். அவன் கூடையில் மீன் கத்தி ஒன்று கிடைத்தது, முனை ஒடிந்து. காசிமேட்டில் முனை ஒடியாத மீன் கத்தியே கிடையாது. பனிக்கட்டியை நெம்பி நெம்பி எல்லாம் ஒடிந்ததுதான். அது போலீஸுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் யாரும் போலீஸிடம் போய்ச் சொல்லவுமில்லை. எத்திராஜின் பெண்டாட்டி சொக்கம்மாள் பத்து வருஷமாக எல்சிக்கு மீன் கொண்டுவந்து போடுகிறவள்.

இரண்டு வாரம் கழித்து ஓர் இன்ஸ்பெக்டர் பின்கட்டுக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, கத்தி விஷயத்துல மெட்ராஸ்லயே உங்களுக்கு மேல ஆள் இல்லேன்னு சொல்றாங்க. ஒரு சின்ன உதவி."

துணியில் சுற்றியிருந்த மீன் கத்தியைப் பலகையில் வைத்தார். பிறகு ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே கால் அங்குல எஃகுத் துண்டு. "செத்தவன் நெஞ்செலும்புல டாக்டர் எடுத்தது. இது இந்தக் கத்தியோடதுதானே? நீங்க சொன்னா கோர்ட்ல எடுபடும்."

சிலுவைமுத்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. முதுகில் இரண்டு புறமும் சரிவு. அவருடைய அரத்தின் கோடுகள்கூட அப்படியே இருந்தன. மீன் கத்தியோ தடித்த நாட்டு இரும்பு. இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பட்டறையில் ஒரு மாசம் வேலை பார்த்த எவனும் சொல்லிவிடுவான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எத்திராஜ் வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் இன்ஸ்பெக்டர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்பார்: இவ்வளவு நேர்த்தியாக யார் செய்வார்கள்? மெட்ராஸிலேயே ஒரே ஆள்தான் செய்வார் என்று சிலுவைமுத்துவின் கத்திகள்தானே இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தன.

"இருக்கலாம் சார்."

"இருக்கலாமா, அதேதானா?"

வாசல் பக்கம் நிழல் ஆடியது. எல்சி காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் தீப்பெட்டி மேல் இருந்தது.

"இதுலேர்ந்து ஒடஞ்சதுதான்" என்றார் சிலுவைமுத்து. இன்ஸ்பெக்டர் எழுதிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

அன்று சாயங்காலம் ஹென்றியைக் கூப்பிட்டு, செப்பனிட்ட கத்தியைப் பலகையில் வைத்தார். "பெயிண்ட் டின்னா?" என்று மட்டும் கேட்டார்.

ஹென்றி கத்தியைத் தொடவில்லை. பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். "கருணாகரன் என்னிய கஸ்டம்ஸுல போட்டுக் குட்துட்டான் மாமா. மெர்ட்டலாம்னுதான் எட்தேன். சத்தியமா மெர்ட்டத்தான். அவன் மேல வந்து வுழுந்தான்."

"அந்த எத்திராஜ்?"

எல்சி உள்ளே வந்து தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றாள். "இவன் பொண்டாட்டி முழுகாம கீறா. நீங்க ஒண்ணியும் பேசாதீங்க. எத்திராஜ் பண்ணலன்னா கோர்ட்டே வுட்டுடும். கோர்ட்டுல அதுக்குத்தானே ஜட்ஜு கீறாங்க."

கத்தியைக் கிரீஸ் டப்பாவுக்குள் அமுக்கி வைத்தார் சிலுவைமுத்து. அந்த டப்பாவை எட்டு மாசம் யாரும் திறக்கவில்லை.

சொக்கம்மாள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். நிறுத்திவிட்டால் நல்லது என்றும் நினைத்தார்கள். அவள் வந்தாள். முன்னைவிடச் சீக்கிரமாக வந்தாள், ஜெயில் வாசலுக்குப் போகவேண்டியிருந்ததால். கூடையை இறக்கி வைத்துவிட்டு, எல்சி சட்டி எடுத்துவர உள்ளே போன நேரத்தில், சிலுவைமுத்துவிடம் பேசுவாள்.

"நீ கண்ணால பாத்தத சொன்ன நைனா. உன் மேல எனுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அந்தக் கத்தி ஒடஞ்சி ரெண்டு வருசம் ஆவுது. நான்தான் ஐஸு பெட்டிய நெம்பி ஒடச்சேன். அத்த யார்கிட்ட சொல்றது?"

இதையே வாரத்துக்கு இரண்டு தரம் சொன்னாள். அவர்மேல் பழி போட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மனிதர் வீம்புக்காரர், திருப்பிக் கத்தியிருப்பார். அவள் கொண்டுவந்த வஞ்சிரத்தை அவர் தொடவில்லை. பெரிய வாரத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, தன் முறை வரும்போது விலகி வெளியே வந்துவிட்டார். அந்த வருஷம் ஈஸ்டர் பூசையில் அவர் நன்மை அப்பம் வாங்கவில்லை. எல்சி வாங்கினாள். ஹென்றிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எல்சி அதைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டபோது, அது அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு அதன்மேல் ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவரைப் பயமுறுத்தியது. இன்னும் ஒரு வருஷம் போனால் வாயைத் திறக்கவே முடியாது என்று புரிந்துவிட்டது.

ஜூனில் வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முந்தின நாள் அவர் எல்சியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அவரோடு கிளம்பி வந்து, பார்வையாளர் பெஞ்சில் சொக்கம்மாளுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பைபிளைத் தொட்டுச் சத்தியம் வாங்கியதும் அரசு வக்கீல் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார். "இது நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதாங்க. பொய்யிங்க."

சிலுவைமுத்து சட்டைப் பையிலிருந்து மான் கொம்புக் கத்தியை எடுத்துக் கூண்டின் விளிம்பில் வைத்தார். "அந்த முனை இதுலேர்ந்து ஒடஞ்சது. இத்த பண்ணவன் நான்தான். கத்தி என் மச்சினன் ஹென்றியோடது." சொல்லி முடித்ததும் எட்டு மாசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது போல இருந்தது. பாவம், எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

அரசு வக்கீல் கத்தியை எடுத்துத் திறந்தார். டக்கென்ற சத்தம் கோர்ட் முழுக்கக் கேட்டது. தீப்பெட்டியிலிருந்த துண்டை முனையருகே பிடித்துப் பார்த்தார்.

"முனை முழுசா இருக்குதே. எங்க ஒடிஞ்சுது, காட்டுங்க."

"ஒடஞ்சத அராவிப் புது முனை போட்டேங்க."

"சரி. அப்படின்னா அலகு குட்டையாயிருக்கணும். மடக்கினா பிடியில இடைவெளி தெரியணும். தெரியணுமா இல்லையா?"

"தெரியணுங்க."

வக்கீல் கத்தியை மடக்கி ஜட்ஜுக்குக் காட்டினார். "தெரியுதா?"

"இல்லீங்க. பிடியையும் கொறச்சிட்டேன்."

"சிலுவை நடுவுல இருக்கே?"

"அத்தயும் எடுத்து நகத்தி வச்சேங்க."

"இவ்வளவையும் யாரு செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. இல்லாங்காட்டி பாக்க நல்லா இருக்காது."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ்கூடக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: குற்றவாளிக் கூண்டிலிருந்த எத்திராஜ், பெஞ்சிலிருந்த இரண்டு பெண்கள். எத்திராஜுக்காகக் கோர்ட் அமர்த்திக் கொடுத்திருந்த சின்ன வயசு வக்கீல் எழுந்து, பழைய அளவுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

"தகரம் கீதுங்க!" சிலுவைமுத்துவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "மொதல்ல வெட்டின தகர அச்சு. ரெண்டு வருசமா சொவுத்துல தொங்குது. கத்திய அதுமேல வச்சா தகரம் கால் அங்குலம் மிஞ்சும். அந்த எடத்துல இந்த முனைய வச்சுப் பாருங்க, அச்சா உக்காரும். யாராலயும் மறுக்க முடியாதுங்க."

ஜட்ஜ் யோசித்தார். மறுநாள் காலை அந்தத் தகரத்தைக் கொண்டுவரும்படி சொன்னார். சிலுவைமுத்து பெஞ்சுப் பக்கம் திரும்பியபோது சொக்கம்மாள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்சி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

சாட்சியத்தைத் திரும்பப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க மாலையாகிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திராமல் பாரிமுனையிலிருந்து கிட்டத்தட்ட ஓட்டமாகவே வந்தார். பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. சுவரில் ஆணிகள் இருந்தன. இருபது வருஷத்துத் தகரத்தில் ஒன்றுகூட இல்லை. அவை தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

எல்சி அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. முழங்கால் வரை சேலை நனைந்து மணல் ஒட்டியிருந்தது.

"எங்க?"

"கடல்ல போட்டுட்டேன்."

"எல்லாத்தயுமா?"

"எது அவனோடதுன்னு எனக்குத் தெரியாதே." எல்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுது முடித்த கண். "கோணியில கட்டி ரெண்டு நடை தூக்கினு போனேன். நான் வயித்துல சொமந்து பெத்திருந்தா நீங்க இப்டி கோர்ட்டுல ஏறி பேர் சொல்லுவீங்களா? சொல்லுங்க. உங்களுக்கும் அவன் புள்ளதானே?"

சிலுவைமுத்து அப்படியே கடற்கரைக்கு நடந்தார். அலை அடிக்கிற கருங்கல் ஓரமாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண் தெரிகிற மட்டும் கையால் துழாவினார். இரண்டு தகரம் அகப்பட்டது. ஒன்று ஒரு நார்வே கேப்டனுடையது, மற்றது ஒரு டாக்டருடையது. இரண்டும் மொண்ணை மூக்கு.

காலையில் டால்டா டப்பா ஒன்றைப் பிரித்துத் தட்டி, ஞாபகத்திலிருந்து அந்த அச்சைத் திரும்ப வெட்டினார். ஒரு மயிரிழை பிசகவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டில் ஏறி நின்றார். வெட்டிய விளிம்பு ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னியது.

"இது எப்ப வெட்டினது மேஸ்திரி?" என்றார் அரசு வக்கீல். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ரெண்டு வருஷம் ஆச்சு என்று சொல்லியிருக்கலாம். தேவையில்லாத இடத்தில் வாய் கூசாமல் பொய் சொன்ன மனிதருக்குத் தேவைப்பட்ட இடத்தில் அது வரவில்லை. வந்தாலும் அந்தப் பளபளப்பை வைத்துக்கொண்டு யார் நம்புவார்கள்?

"இன்னிக்குக் காலைலங்க."

முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற சாட்சி என்று ஜட்ஜ் எழுதிக்கொண்டார். மச்சினன்மேல் ஏதோ குடும்பப் பகை இருக்கலாம் என்று அரசு வக்கீல் சொன்னதையும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் எத்திராஜுக்கு ஆயுள் தண்டனை. மான் கொம்புக் கத்தி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தீர்ப்பு நாளில் அவர் வராந்தாவுக்கு வந்தபோது சொக்கம்மாள் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். எத்திராஜை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டிருந்தது. அவள் அழவில்லை. அவர் எதிரில் வந்து நின்றாள். திட்டட்டும், மூஞ்சியில் துப்பட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"அந்தக் கத்திய ஒரு தபா காட்டு நைனா."

பையிலிருந்து எடுத்தார். பழக்கம், கையில் கொடுக்காமல் குனிந்து கற்படியில் வைத்தார். சொக்கம்மாள் உட்கார்ந்து அதை எடுத்தாள். மீன் செதிள் ஒட்டிய கட்டைவிரல் நகம் தேடித் தடவி நகக்குழியில் உட்கார்ந்தது. டக்கென்று திறந்தது. முனையை விரலால் தடவினாள். திருப்பிப் பிடியைத் தடவினாள், ஆறு புள்ளியையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அவள் தேடுவது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அங்கே இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

வெகுநேரம் கழித்துக் கத்தியை மடக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"ரொம்ப ஷோக்கா பண்ணிக்கீற நைனா" என்றாள். "ஒடஞ்சதே தெரியல."